எப்போதும் அஞ்சு

பூந்தமல்லி டயாலிசிஸ் மையத்தில் என் பக்கத்துக் கட்டிலுக்கு வருபவர் குத்தம்பாக்கத்துக்காரர். நரைத்த மீசை, படுத்தாலும் கழற்றாத கண்ணாடி. செவ்வாய், வியாழன், சனி, எங்கள் இருவருக்கும் ஒரே நேரம். ஒவ்வொரு முறையும் நர்ஸ் வந்து, களைப்பு பத்துக்கு எத்தனை என்று கேட்பார். களைப்பே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. அந்த எண் மாறினால்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார். இவரோ தை மாதத்திலிருந்து "அஞ்சு" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

ஆடி முதல் செவ்வாயன்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏங்க, உங்களுக்கு நாளுக்கு நாள் வித்தியாசமே இருக்காதா?"

"இன்னா சார் நீ! ரெண்டுன்னா களைப்புக்குப் போடுற ஊசிய நிறுத்திடுவாங்கோ. ஒம்பதுன்னா அட்மிட் பண்ணிடுவாங்கோ. அஞ்சுன்னாதான் ஊட்டுக்குப் போலாம்."

"நிஜமா எப்படி இருக்கு?"

யோசித்தார். "நேத்து பொண்ணு வந்துச்சு. அது பேசிகினு இருக்கசொல்லவே தூங்கிட்டேன் சார். முன்னல்லாம் இப்படி இல்ல."

"அதைச் சொன்னாத்தானே மருந்தை மாத்துவாங்க!" என்று மன்றாடினேன்.

நர்ஸ் வந்ததும், "எட்டும்மா" என்றார்.

"காமெடி பண்ணாதீங்க நைனா, எப்பவும் அஞ்சுதானே" என்று சிரித்தபடி நர்ஸ் அஞ்சு என்றே எழுதினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவர் எட்டுன்னுதான் சொன்னார், திருத்துங்க!" என்று கத்தினேன். என்னைத் தடுக்கக் கையைத் தூக்கிய குத்தம்பாக்கத்துக்காரர், அதைப் பாதியிலேயே கீழே போட்டார்.

"உடு சார். சண்டல்லாம் போட நம்மால முடியல" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.