கதவைத் தட்டியதும் வரும் கேள்வி

கண்ணாடிச் சுவர் வைத்த கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் பார்த்துவிட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஷோகேஸ் மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றும் ஃபேன்கள், ஃபேனுக்கு ஒரு கலர். பச்சை போய் ஊதா, ஊதா போய் சிவப்பு. கல்யாண மண்டப வாசலில் எரிய வேண்டியதையெல்லாம் கொண்டுவந்து உள்ளே அடைத்திருந்தார்கள். எதற்கு இது என்று கேட்டேன். கேமிங் பிசி என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர்.

என்னோடு வந்தவள் யாழினி. என் தம்பி குமரேசனின் மகள், ஏழாம் வகுப்பு. அவள் முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாள், விளையாடுவதற்கென்றே. குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தம்பி பணத்தை அனுப்பிவிட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு போ, அவளுக்குத்தான் தெரியும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் எங்கெங்கோ போய்விட்டது. நான் அந்தப் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அது கடையில் ஐந்தே நிமிஷத்தில் போனது. எத்தனாவது ஜெனரேஷன் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் குடும்பத்தைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். சிடி போடுகிற இடம் எங்கே என்று கேட்டேன். அது நின்று போய் ரொம்ப நாளாச்சுங்க என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். ஹார்ட் டிஸ்க் என்று எடுத்துக் காட்டியது நாக்கு வழிக்கிற தகடு அளவுதான் இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு என்று காட்டியதோ செங்கல் கனம். சின்னதாக இருக்க வேண்டியது பெரிதாகவும், பெரிதாக இருக்க வேண்டியது சின்னதாகவும் ஆகியிருந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை மெல்ல யாழினி பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கேட்டதெல்லாம் எனக்கு இன்னும் விசித்திரம். கலர் லைட் வேண்டாம், கண்ணாடி வேண்டாம் என்றாள். எந்தப் பிள்ளையாவது லைட்டை வேண்டாம் என்று சொல்லுமா? ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்ளேன், மிச்சத்தை அத்தை போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"லைட்டு வெளிய இருக்கவங்க பாக்குறதுக்கு அத்த. உள்ள இருக்கவங்களுக்குத் தெரியாது" என்றாள்.

கிராஃபிக்ஸ் கார்டும் பழைய மாடலே போதுமாம். கடைக்காரர் பதறிவிட்டார். கேமிங் என்றால் அதில்தான் கை வைக்கக் கூடாது, படம் மங்கலாகத் தெரியும் என்றார். தெரிந்தால் தெரிகிறது என்றாள். அங்கே குறைத்ததையெல்லாம் கொண்டுபோய் மைக் வைத்த ஒரு நல்ல ஹெட்செட்டில் போட்டாள். வைஃபையை நம்ப முடியாது, வயர் இழுத்துக்கொள்கிறேன் என்று ஒரு நீளமான கேபிளும் எடுத்தாள். படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பேச்சு அறுபடக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு. அது யாருடைய பேச்சு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தெர்மாகோலை உருவினார். ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் ஏசிக் குளிரும் கலந்த வாசனை. மனசுக்குள் நான் அந்தப் பழைய மாடிப்படி ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே இருந்தது எங்கள் பிரவுசிங் சென்டர். செருப்பைப் படியிலேயே கழற்ற வேண்டும். செருப்போடு போனால் வைரஸ் வரும் என்பார் முதலாளி. எந்த வைரஸ் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிளைவுட் வைத்து அடைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் அரைக் கதவு. டைப்ரைட்டிங் லோயர் முடித்த தகுதியில் நான் அங்கே வருகிறவர்களின் பெயரும் நேரமும் எழுத நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது கல்ஃப் வீட்டுப் பெண்களைப் பற்றி.

குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, இடுப்பில் பிள்ளை. கல்ஃபில் புருஷனும் இதே மாதிரி ஏதோ ஒரு சென்டரில் போய் உட்கார்ந்திருப்பான். நான் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, கேமராவை நேராக வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அரபு நாடு தூரம் என்பதால் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். ஒரு அக்கா டப்பா நிறைய முறுக்குக் கொண்டுவந்து கேமராவுக்கு நேரே நீட்டி, "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டது. பழக்க தோஷம். பிறகு தானே சிரித்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதது. கீபோர்டைக் கவிழ்த்து நான் முறுக்குத் தூளைத் தட்டினேன். அந்த அறையில் ரெண்டு நாள் ஓம வாசனை அடித்தது.

அரை மணி முடிந்தால் அரைக் கதவைப் பேனாவால் தட்டுவது என் வேலை. தட்டியதும் ஒரு கேள்வி வரும். எந்த அறையானாலும், யாரானாலும் அதே கேள்விதான். அதுவரை மாட்டு வியாதி, நாத்தனார் சண்டை, கூரை ஒழுகல் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, தட்டிய சத்தம் கேட்டதும் சட்டென்று நிற்கும்.

"எப்ப வர்றீங்க?"

அதட்டிக் கேட்பவர்கள் உண்டு, குழைந்து கேட்பவர்கள் உண்டு, பிள்ளை காதில் சொல்லிக்கொடுத்துக் கேட்க வைப்பவர்கள் உண்டு. பதில் ஹெட்செட்டுக்குள் போவதால் எனக்குக் கேட்காது. ஆனால் அந்தப் பெண்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். "தையிலயா?" என்பார்கள். "தங்கச்சி கல்யாணம் முடிஞ்சா?" என்பார்கள். அந்தக் கேள்விக்காக நான் கூடுதலாக ரெண்டு நிமிஷம் விட்டுவிடுவேன், முதலாளிக்குத் தெரியாமல். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே அந்தப் பதில்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யார் வீட்டுக்காரர் எந்த மாதம் வருகிறார் என்று அவர்கள் மாமியாரை விட எனக்கு நன்றாகத் தெரியும். பல பதில்கள் பொய்யாகவும் போயின. ஆனாலும் மறுபடி வந்து கேட்டார்கள். கேட்டுக் கேட்டே சிலரை வரவழைத்தும்விட்டார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், என் தம்பியும் இந்தத் தையில் வருவதாகத்தான் சொல்லியிருந்தான். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. கீரனூரில் ஏசி ரிப்பேர் கடை போடுவது என்று முடிவு. பஸ் போகிற ரோட்டில் ஷட்டர் வைத்த ஓர் அறையை நானே பேசிப் பிடித்து வைத்திருக்கிறேன். யாழினி நடக்கப் பழகிய வருஷம் அவன் போனவன். சைக்கிள் பழகியதையும் அவள் போனில்தான் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு, தம்பி வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா, தேர்ந்தெடுத்த பெருமை எனக்கல்லவா. தம்பி மனைவி செல்வி தன் தையல் மிஷினை ஓரமாக நகர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கியிருந்தாள். யாழினி ஹெட்செட் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுடுவார்கள், வெட்டுவார்கள், இதைக் கண்டிக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டுதான் பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஒரு ரோடு, ரெண்டு பக்கமும் மரம். ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுவது ஒரு பொம்மைப் பெண். பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட மொட்டைத் தலை ஆள். யாரையும் சுடக் காணோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சும்மாதான் அத்த. கடல் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றவள், மைக்கில், "சரிப்பா, வளைவுல மெதுவாத்தான் போறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மொட்டைத் தலை என் தம்பி. ஊருக்குத் திரும்பிய யாரோ விட்டுப்போன லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தினமும் இந்த விளையாட்டுக்குள் வந்துவிடுவானாம். செல்வியின் போனில் ஆடியபோது அவன் பேச்சு விட்டு விட்டுக் கேட்டதாம். அதற்குத்தான் அந்த ஹெட்செட், அந்தக் கேபிள். ஜீப் நின்றது. சிவப்புச் சட்டை இறங்கி அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிப் பார்த்தது. அத்தை வந்திருக்கிறாளா, எங்கே என்று கேட்டிருப்பான் போல.

"அத்த வெளிய நிக்கிறாங்கப்பா" என்றாள் யாழினி.

அவள் வீட்டுக்குள், அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற என்னைத்தான் சொன்னாள். சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் ஒரு மாதிரி இருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். தம்பியின் குரல் காதுக்குள் அவ்வளவு தெளிவாக இருந்தது. புள்ளை நல்ல மெஷினாப் பார்த்து எடுத்திருக்கு என்றான். கீரனூர் ஷட்டரைப் பற்றி ஆரம்பித்தேன், பெயின்ட் அடிக்கச் சொல்லட்டுமா என்று.

"அதை விட்ருக்கா. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்பத்தான் தெனமும் பாப்பா கூடவே இருக்கேன்ல" என்றான்.

வருத்தமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். சந்தோஷமாகச் சொன்னான். ஹெட்செட்டைக் கழற்றிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். செல்வி டீயோடு வாசற்படியில் நின்றாள். தெரியுமா என்று கண்ணால் கேட்டேன். நேற்றே தெரியும் என்றாள்.

"நான் கேட்டா சண்டையாயிரும் மதினி. பாப்பா கேட்டாத்தான் வருவாக. அவ இப்பல்லாம் கேக்குறதே இல்ல" என்றாள், குரலைத் தாழ்த்தி.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் மறுபடி கிளம்பியது. பேசினார்கள், பேசாமலும் போனார்கள். அவசரமே இல்லை. எங்கள் சென்டர் இருந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அந்த அரைக் கதவுகளைப் பிரித்து எங்கே போட்டார்களோ. நேரம் முடிகிறது என்று தட்ட ஓர் ஆள் இருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இங்கே நேரம் முடிவதே இல்லை. தட்டவும் யாரும் இல்லை.

என் கைப்பையில் பேனா இருந்தது. எடுத்து, மேஜை விளிம்பில் பழையபடி தட்டினேன். யாழினி ஒரு பக்கக் காதை விலக்கித் திரும்பினாள்.

"என்ன அத்த?"

"ஒங்கப்பா எப்ப வர்றாராம்? கேளு."

கேட்டாள். செல்வி டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். பதில் எனக்குக் கேட்கவில்லை, எந்தக் காலத்தில் கேட்டது. யாழினி கேட்டுவிட்டுச் சிரித்தாள், பிறகு அதைத் திருப்பிச் சொன்னாள்.

"இங்கதானே இருக்கேங்கிறாங்க அத்த."

தையில் வருகிறேன் என்ற பொய்யை எத்தனையோ முறை அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலை ஒருவரும் சொன்னதில்லை. செல்வி உள்ளே போய்விட்டாள். திரையில் அவர்கள் கடலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.