சாம்பிள் அக்கா

எங்கள் பூட்ஸ் கம்பெனியில் அவளுக்குச் சாம்பிள் அக்கா என்றுதான் பேர். ராணுவ டெண்டர் வந்தால் மாதிரி ஜோடிகளை அவள்தான் தைப்பாள். நல்ல தோல், மெழுகு நூல், இரட்டைத் தையல். முடிக்கிற இடத்தில் ஊசியை ஒருமுறை பின்னால் திருப்பி இழுப்பது அவள் கைவழக்கம். கையெழுத்துப் போட்டாச்சா என்று நான் கிண்டல் பண்ணுவேன். ராணுவக்காரர்கள் ஒரு ஜோடியை ஊறவைத்து, வளைத்து, சோதித்துப் பார்ப்பார்கள். தேறினவர்களில் யார் விலை குறைவோ அவர்களுக்கு ஆர்டர். இன்னொரு ஜோடியைப் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, அரசு அலுவலகத்தில் பூட்டிவிடுவார்கள். நாங்கள் அனுப்புவதெல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டுமாம்.

இருந்துவிட்டால்தான் தேவலையே! ஆர்டர் கைக்கு வந்ததும் மெழுகு நூல் காணாமல் போகும், இரட்டைத் தையல் ஒற்றையாகும். சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டருக்கு மாப்பிள்ளை உபசாரம் நடக்கும். முதலாளி நகர்த்தி வைத்த பெட்டியை மட்டும் அவர் திறப்பார். அதற்குள் அக்கா தைத்தவைதான் இருக்கும். எங்களுக்கு எல்லாம் தெரியும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தோம்.

அவள் தம்பி ராணுவத்தில், பனிமலை எல்லைக் காவல் வேலையில் இருந்தான். தாயில்லாப் பிள்ளை, அவள்தான் தூக்கி வளர்த்தாள். புது பூட்ஸ் வந்த அன்று அவனே போன் பண்ணினான்.

"அக்கா, நீ தைச்ச பூட்ஸைத்தான் போட்டிருக்கேன்."

பக்கத்தில்தான் நின்றேன். அவள் 'ம்' என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குளிரில் தையல் விட்டு, பனிநீர் உள்ளே இறங்கி, அவன் இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பூட்ஸைச் சரியாகப் பராமரிக்காத கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பாவி மக்கள். விரல் போனதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான், அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

அந்த வார்த்தையை அழித்தே தீருவேன் என்று அக்கா கிளம்பினாள். வேலை போய்விடும் என்று முதலாளி ஆள் விட்டுச் சொன்னார். போனால் போகட்டும் என்றாள். மனு மேல் மனு போட்டு ஒரு விசாரணையும் வந்தது. துணைக்கு நான் போனேன். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

மேஜைமேல் அவனுடைய பிய்ந்த பூட்ஸ் இருந்தது, பக்கத்தில் முத்திரை வைத்த பை. அதைத் திறந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும் என்று அக்கா அடித்துச் சொன்னாள். அரக்கு உடையாமல் இருப்பதை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் அதிகாரி பையை வெட்டினார்.

அக்கா பூட்ஸை வாங்கிக் குதிகால் பக்கம் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், விரலால் தடவினாள். ஒற்றைத் தையல். திருப்பி இழுத்த தடமே இல்லை.

"இது நான் தைச்சது இல்லைங்க."

"சீல் உடையாம இருந்ததை நீங்களே பாத்தீங்களேம்மா. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

அரக்கை உருக்கி மறுபடி ஊற்ற எவ்வளவு நேரமாகும்? எந்தக் கை உருக்கியதோ, நாசமாய்ப் போக. மாதிரிக்கும் சரக்குக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்.

வெளியே வந்தோம். தம்பி தடியை ஊன்றி எழுந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது.

"கவனக்குறைவுன்னு எழுதினதை எடுத்துடுவாங்கதானே, அக்கா?"

"ம்" என்றாள்.