மூணாம் கூப்பு மயில்

காலையில் மேரி என் முழங்காலில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்தாள். வாடை மூக்கில் ஏறியதும் காலை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

"எதுக்கு இப்புடி நெளியிறீக? ஒங்களப் பிடிக்க யாரும் வரல," என்றாள்.

அவளுக்குத் தெரியும். அந்த வாடை வந்தாலே யாரோ வருகிற மாதிரிதான் எனக்கு இருக்கும்.

கண்டரமாணிக்கம் போகிற வழியில் வனத்துறையின் தைலமரக் காடு ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் சந்தித்துக்கொண்டது அதற்குள்தான். நான் திருநீறு பூசுகிற வீடு, அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வீடு. அவள் அப்பாவோ ஊருக்கே வாத்தியார். தைலமரத்துக்கு நிழலே கிடையாது என்பார்கள். நிழல் யாருக்கு வேண்டும், மறைப்பு போதாதா?

அந்த நேரம் பார்த்துக் காட்டை வெட்டப்போவதாகப் பேச்சு. கிராமசபைக்கு வனவர் வந்து வரைபடத்தை விரித்தார். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்களாம். ஒரு துண்டுக்குப் பெயர் கூப்பு. வருஷத்துக்கு ஒரு கூப்பு வெட்டு. அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்ததும் திரும்ப வெட்டு. ஓடைக்கரை மரங்களில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். ஊர் விறகைப் பற்றிக் கேட்டது. நான் எங்கள் இடத்தைத் தேடினேன். மூணாம் கூப்பு. இந்த வருஷம்.

எழுந்து நின்றேன்.

"மூணாம் கூப்பைக் கடைசியா வெட்டலாமே சார்?"

"ஏன் தம்பி, அங்குட்டு என்ன விசேஷம்?"

"மயிலு... முட்ட வச்சிருக்கு."

என் வாழ்க்கையில் எந்த உண்மைக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. முட்டை இருந்தால் தள்ளி வைக்கலாம், ஆனால் இடத்தைப் பார்க்கணும் என்றார் வனவர். "நானும் வாரேன்," என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். மேரியின் அப்பா.

மறுநாள் மூன்று பேரும் போனோம். வேறு பக்கம் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பழகிய கால் கேட்கவில்லை. நேரே எங்கள் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது. உட்கார இரண்டு கல். சுற்றிலும் கடலைத் தொலி.

வனவர் குனிந்து பார்த்தார். "மயிலு கடலையை உரிச்சுத்தான் திங்கும்போல."

மரக் கவட்டையில் ஒரு குடை தொங்கியது. மேரி மறந்து விட்டுப்போனது. வாத்தியார் அதை எடுத்து விரித்தார், மடக்கினார்.

"என் வீட்டுக் குடையும் இங்கனதான் அடை காத்துச்சா," என்றார். பிறகு வனவரிடம், "வெட்டுங்க சார். எதுவானாலும் வெளிச்சத்துல நடக்கட்டும்."

என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம ஒங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. ரோட்டு வழியா வா."

வெட்டினார்கள். துளிர்த்தது, மறுபடி வெட்டினார்கள். இப்போது தைலமரமே வேண்டாம், நிலத்துத் தண்ணியைக் குடிக்கிறது என்று வேரோடு பிடுங்கிவிட்டு வேம்பும் புங்கனும் நட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரம்தான்.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது மேரி சன்னல் வழியே காட்டினாள். "அங்குட்டுப் பாருங்க, ஒரு முயலுகூட ஒளிய முடியாது."

பார்த்தேன். அத்தனை வெட்டவெளியில், கட்டினவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, குடையோடு யாராவது வருகிறாரா என்று தேடினேன். வாத்தியார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. பஸ் அந்த இடத்தைத் தாண்டுகிற வரைக்கும் தேடினேன்.