சோடா கம்பெனிக்காரர் தருவதாகச் சொன்ன ஷூ

எண்பதைத் தாண்டியும் ஷூ கடையைக் கண்டால் நான் நின்றுவிடுகிறேன். "இந்த வயசுல யாரைத் துரத்தப் போறீக?" என்பாள் மனைவி. துரத்தத்தான் ஆசை, வேறென்ன!

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக் காலேஜில் படித்தேன். அரை மைல் ஓட்டத்தில் எங்கள் செம்மண் மைதானத்தில் என்னை முந்த ஆளில்லை. வெறுங்காலில்தான் ஓடுவேன். ஆனால் காலேஜ்களுக்கிடையிலான போட்டி திருச்சியில், கரித்தூள் கொட்டிய பாதையில் நடக்கும். முதல் வருடம் அங்கே வளைவில் வழுக்கி நான்காவதாக வந்தேன். ஆணி வைத்த ஷூ இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். வானம் பார்த்த நிலத்தில் கடலை போடுகிற வீட்டில் அதைக் கேட்க எனக்கு வாய் வருமா?

எங்கள் ஊர் விராலிமலையில் கலர் சோடா கம்பெனி வைத்திருந்தவர் மறுவருடம் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம சோடாவக் கையில வச்சுக்கிட்டு ஒரு போட்டோ புடிச்சுக்குங்க தம்பி, காலண்டர்ல போடணும். மெட்ராஸ்ல இருந்து ஆணி ஷூ வரவழைச்சுத் தாரேன்."

தரையில் பழுப்புத் தாளை விரித்து என்னை ஏறி நிற்கச் சொன்னார். அளவு அனுப்ப வேண்டுமாம். அவ்வளவு பெரிய மனுஷர் குனிந்து, பென்சிலால் என் இரண்டு காலையும் சுற்றி வரைந்தார். கூச்சத்தில் எனக்கு உடம்பே சுருங்கிவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான்தான் பெரிய யோக்கியனாயிற்றே, மறுநாளே பி.டி. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். விளம்பரத்துக்குக் காசு வாங்கினாலும் ஷூ வாங்கினாலும் ஒன்றுதான் என்றார். "வெளையாட்ட விக்கக் கூடாதுப்பா. போட்டியில ஒம் பேர அடிச்சிருவாங்க."

தாள் தபாலுக்குப் போகும் முன் ஓடிப்போய்த் திருப்பி வாங்கிக்கொண்டேன். சோடாக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. குடிக்க ஒரு கலர் உடைத்துக் கொடுத்தார்.

திருச்சியில் கடைசி வளைவு வரை நான்தான் முன்னால். அங்கே கால் மறுபடி வழுக்கியது. சுதாரிப்பதற்குள் ஒருவன் சரக் சரக்கென்று என்னைத் தாண்டிப் போனான். அவன் போட்டிருந்தது அவன் அப்பா வாங்கிக் கொடுத்த ஷூ. அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது.

அடுத்த ஜூனில், புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு காலேஜ் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் என் படம் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி ஓடிக்கொண்டிருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது மட்டும் விற்பதில்லையா சார் என்று மாஸ்டரிடம் கேட்டே விட்டேன்.

"இது காலேஜுக்குப் பெருமைப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

படத்தை முழங்காலோடு வெட்டியிருந்தார்கள். வெறுங்கால் அட்டைக்கு அழகில்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்று ஹாஸ்டல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். பெட்டிக்கு அடியிலிருந்த பழுப்புத் தாளை எடுத்து விரித்து, அதன் மேல் ஏறி நின்றேன். இரண்டு காலும் கோட்டுக்குள் அளவாக உட்கார்ந்தன.