தங்கையாவின் முழங்கால்

தங்கையாவின் முழங்கால் உடைந்தது விபத்து அல்ல. நான் வேண்டுமென்றே உதைத்தேன். உங்களிடம் இதுவரை நான் சொன்னதெல்லாம் பொய்.

அவன் எதிரணிக்காரன் அல்லன். எங்கள் கோல்கீப்பர், எங்கள் கேப்டன். அவனுக்கு முன்னால் நின்று தடுத்தாடியவன் நான். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் இருவருக்கும் வேலை.

எழுபதுகளின் நடுவில் நடந்த வேலைநிறுத்தத்தில் எஸ்டேட் இரண்டு யூனியனாகப் பிளந்தது. எஸ்டேட்டின் கால்பந்து கிளப்பும் பிளந்தது. என் யூனியன் பாதியிலேயே வேலைக்குத் திரும்பியது; தங்கையாவின் யூனியன் திரும்பவில்லை. அன்று நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில், என் மனைவி பார்த்து நிற்க, தங்கையா என்னைக் "கருங்காலி" என்றான்.

அதன்பிறகும் ஒரே நிறச் சட்டையில் ஆடினோம்... ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்காமல். ஆட்டத்துக்குப் போகும் லாரியில் அவன் யூனியன்காரர்கள் முன்பக்கம், நாங்கள் பின்பக்கம். அதை அணி என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

மறையூரில் அரையிறுதி ஆட்டம். உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்கத் தங்கையா ஓடிவந்தான்.

"விடுலே, எனக்கு!"

கேட்டது. தெளிவாகவே கேட்டது. பந்து அவன் கைக்குப் போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் காலை வீசினேன். எலும்பு முறிந்த சத்தம்... அப்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆம், மகிழ்ச்சி. அதை எந்தப் பெயரில் மறைப்பது?

எஸ்டேட் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். வெளியே இரண்டு யூனியன்காரர்களும் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி தங்கையா மானேஜரிடம் சொன்னான்:

"அவன் பந்தத்தான் பாத்தான் சார். தெரியாம பட்டுட்டு."

மறுநாள் நன்றி சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"நீ வேணும்னுதான் மிதிச்ச. எனக்குத் தெரியும்லே. உள்ளதச் சொல்லியிருந்தா அங்கேயே நாலு பொணம் விழுந்திருக்கும். அதுக்குத்தான் பொய் சொன்னேன். ஒனக்காக இல்ல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் மனைவி கதவைச் சாத்தினாள்.

பிறகு அவனால் மலைச்சரிவில் ஏறவே முடியவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

மறுத்திருக்கலாம்... முதல் ஆளாக மைதானத்தில் இறங்கினேன்.