இடது கதவு ஸ்பீக்கர்

ஒருவருடைய பிழைப்பை வெறும் வாயாலேயே கெடுத்துவிடலாம். நான் செய்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் காரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு கதவு வைத்த, கூரையை மடக்கித் திறந்து ஓட்டுகிற பழைய வெளிநாட்டுக் கார் அது. ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்ததை வாங்கி, மூன்று வருஷம் அலைந்து ஓட வைத்தேன். திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவனுக்கு இப்படியொரு வண்டி எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

வண்டி ஓடியதும் அதில் பாட்டு கேட்க வேண்டும் என்ற ஆசை வந்தது. டேஷ்போர்டின் பழைய மரப் பலகையில் ஒரு துளைகூடப் போடக் கூடாது, வெளியே எதுவும் தெரியக் கூடாது, ஆனால் சத்தம் இன்றைய சத்தமாக இருக்க வேண்டும். இரண்டு கடைக்காரர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருஷம் நிட்டிங் மெஷின்களுக்கு ஃபிட்டராக இருந்துவிட்டு, அவிநாசி ரோட்டில் கார் ஆடியோ கடை போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஃபிட்டர் வேலை கைநெறையச் சம்பளமாச்சே. ஏனுங்க வுட்டுப்போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்தச் சத்தத்துல இனி நிக்க முடியாது சார். எனக்குப் பாட்டுன்னா உசுரு. இந்தக் கடை நின்னுட்டா போதும், திரும்பி அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்."

அவருக்குப் பெரிய வேலை என்றால் என் கார்தான் முதல். எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாதிப் பேர் யூனிட் முதலாளிகள். என் வண்டி நன்றாக அமைந்தால் அத்தனை பேரும் அவரிடம் வருவார்கள் என்று நானே சொல்லியிருந்தேன். மூலனூரில் ஒருவர் தன் வண்டியைக் கொடுக்கத் தயாராகவே இருந்தார்.

பத்து நாள் வேலை செய்தார். மழை பட்டாலும் கெடாத, படகுகளுக்குப் போடுகிற ஸ்பீக்கர்களை வரவழைத்து, கதவுகளின் உள்தோலுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்குப் பின்னால். எந்தக் கதவுக்கு எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்று லேப்டாப்பை மாட்டிப் பிரித்துவிடுகிற சின்னப் பெட்டி ஒன்று, கால் வைக்கும் இடத்துக்கு மேலே. பார்த்தால் எஸ்டேட் துரை நேற்று இறங்கிப் போன வண்டி மாதிரியே இருந்தது.

ஒரு காலையில் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கூரையைத் திறந்து, ஒரு கல்யாணக் கச்சேரியின் பதிவைப் போட்டார். நாதஸ்வரம் வலது பக்கம், தவில் இடது பக்கம் வரும் என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம் வலது கதவிலிருந்து அருமையாக வந்தது. தவில் எங்கோ அடுத்த தெருவில் அடிப்பதுபோல் இருந்தது.

"இடது பக்கம் பாடலைங்களே" என்றேன்.

இங்கே என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் பன்னிரண்டு மெஷின் ஓடும். வாசலில் நின்றபடியே எதில் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். துணியில் கோடு விழுவதற்கு முன்பே மெஷினை நிறுத்தியிருக்கிறேன். நூல் வியாபாரிகள் வந்தால் என் ஆட்கள் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கென்று இந்த ஊரில் ஒரு பெயர் இருந்ததென்றால் அது காதால் வந்த பெயர். அந்தக் காது ஸ்பீக்கர் பாடவில்லை என்றால் ஸ்பீக்கர் பாடவில்லைதான்.

அவர் என் கையைப் பிடித்து இடது கதவின் மேல் வைத்தார். தோல் அதிர்ந்தது.

"ஆடுதுங்க. ஆனா பாடலையே" என்றேன். அவர் சாமான்களைக் கழற்றி, இரண்டு கதவு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றிப் போட்டார். அப்போதும் இடது பக்கம் செத்துத்தான் கிடந்தது.

என் மனைவி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள். "எனக்கு நல்லாத்தானுங்களே கேக்குது" என்றாள்.

"உனக்கு மெஷின் காது இல்ல. நீ சும்மா இரு."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அதற்கு மேல் வந்துவிட்டது. "எனக்கே காதுல பூ சுத்தறீங்களா? டூப்ளிகேட் வயரப் போட்டுட்டு ஒரிஜினல்னு சொன்னா நம்போணுமா?" என்றேன். எங்கள் பக்கத்தில் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம், அது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

அவர் வாக்குவாதம் பண்ணவில்லை. என் வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சார், ஒரு தடவ சீட்டுல முட்டி போட்டு, பின்னால பாத்து உக்காருங்க" என்றார்.

பைத்தியக்காரத்தனமாகப் பட்டாலும் உட்கார்ந்தேன். தவில் பளீரென்று வந்தது. நாதஸ்வரம் காணாமல் போயிருந்தது.

இதை வாசிக்கிறவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு மெஷின்களைக் காதாலேயே கட்டி ஆண்டவனுக்கு, ஆள் திரும்பினால் சத்தம் ஏன் மாறுகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. "பாத்தீங்களா, நான் அசைஞ்சதும் மாறுது. எங்கியோ லூஸ் கனெக்சனுங்க" என்றேன்.

அவர் என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் எங்கள் யூனிட் சூப்பர்வைசரும் நின்றுகொண்டிருந்தார். "சரி சார். வயர மாத்தித் தாரேன்" என்று சொல்லி வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனார். மத்தியானம் திரும்ப வந்தபோது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து நிறைவாகக் கேட்டன.

"இப்பத்தானுங்க உயிர் வந்துருக்குது" என்றேன்.

"எனக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லாமப் போச்சுங்களே" என்றாள் மனைவி. அதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் மட்டும் குனிந்து டூல் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே குழுவில் குரல்பதிவு போட்டேன். "ஆள் பேச்சு நல்லாயிருக்குதுங்க, சாமான் டூப்ளிகேட்டுங்க. நான் காது வச்சுக் கண்டுபுடிச்சுச் சத்தம் போட்டதுக்கப்புறந்தான் வயர மாத்துனாருங்க. பாத்துக்குங்க." என் காதைப் பாராட்டிப் பத்துப் பதினைந்து பேர் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். மூலனூர்க்காரர் தன் வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்.

மழைக்காலம் முடிந்தபோது கார் பேட்டரி அடிக்கடி இறங்க ஆரம்பித்தது. ஆடியோதான் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன். பழைய ஆளைக் கூப்பிட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். அவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு வயர், சாமான் எல்லாம் ஒரிஜினல்தான், வேலையும் சுத்தமான வேலை என்றார். பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல ரெண்டு செட்டிங் இருக்குதுங்க. ஒண்ணு நார்மல். இன்னொண்ணுல ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாச் சேத்து வலது கதவுக்குத் திருப்பி விட்டிருக்காரு. 'ஓனர், வலது காது'ன்னு பேர் போட்டு வச்சிருக்காரு. யாருக்குங்க காது கேக்காது?"

நான் அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போனேன். போனை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக இடது காதில் வைத்து மனைவிக்குப் போட்டேன். பக்கத்து அறையில் அவள் எடுத்து "ஏனுங்க, ஏனுங்க" என்பது சுவரைத் தாண்டி வந்தது. போனிலிருந்து ஒன்றும் வரவில்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இடது சுத்தமாகப் போய்விட்டது, வலதும் பாதி வழியில் இருக்கிறது என்றார். ஷெட்டுக்குள் நாங்கள் எப்போதும் கையையும் உதட்டையும் பார்த்தே பேசிக்கொள்வோம். அதனால் காது போனது எனக்கும் தெரியவில்லை, பிறருக்கும் தெரியவில்லை. ஊசி உடைந்ததை நான் கடைசியாக எப்போது காதால் கண்டுபிடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச வருஷமாகவே என் ஆட்கள்தான் எனக்கு முன்னால் போய் மெஷினை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாளே குழுவில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு மாதம் சொல்லவில்லை. காது போன நிட்டிங்காரன் என்று ஊர் பேசுமே என்ற பயம். என் பெயரைக் காப்பாற்ற ஆடியோக்காரர் பெயர் கெட்டபடியே கிடக்கட்டும் என்று விட்டேன். நாகரிகமாகச் சொல்ல இதற்கு வேறு வார்த்தை இருக்கிறதா என்று தெரியவில்லை, கேவலமாக நடந்துகொண்டேன்.

ஒரு நாள் மனைவிதான், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். போட்டேன். வயரில் கோளாறில்லை, கோளாறு என் காதில்தான் என்று ஒரு குரல்பதிவு. மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மூலனூர்க்காரரிடமிருந்து பதிலே இல்லை. அந்தப் பதிவை ஆடியோக்காரரிடமே போட்டுக் காட்டலாம் என்று அவிநாசி ரோட்டுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் ஒருவர் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். ஆடியோக்காரருக்கு வேலையே வரவில்லை, பொங்கலூர்ப் பக்கம் ஒரு யூனிட்டில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார் என்றார்.

நேராக அங்கே போனேன். எங்கள் ஷெட்டைவிடப் பெரியது. இருபத்தெட்டு மெஷின்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுற்றிவந்து வலது பக்கம் நின்றார். காதருகே வாயை வைத்து, "காரு நல்லா ஓடுதா சார்?" என்று கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மேடம் நின்னாவ. உங்க ஆளும் நின்னாரு. வேற எப்படிச் சொல்ல?"

குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். தலையாட்டினார். "நல்லது சார். ஆனா கடைச் சாமான எல்லாம் வித்தாச்சு" என்றார். அவர் காதில் பஞ்சுகூட இல்லை. வைத்தால் மெஷின் கோளாறு தெரியாது என்பார்கள் ஃபிட்டர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் காதருகே குனிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்தார். "என்ன சொன்னிய சார்? கேக்கல" என்றார்.

மெஷின்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அதை இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.