மாவு மோட்டாரில் சாணைக்கல்

எங்கள் பீர்மேட்டுப் பக்கம் இப்போது கையால் தேயிலைக் கொழுந்து கிள்ளுவது குறைந்துவிட்டது. கத்தரியால்தான் வெட்டுகிறோம். கத்தரி மழுங்கினால் இலை அறுபடாது, நம் மணிக்கட்டுதான் அறுபடும். போன மழைக்காலத்தில் என் வலது கை வீங்கி, பிடிமானமே இல்லாமல் போனது. மகளுக்குத் தலை பின்னிவிட்டால், அவள் பள்ளிக்கூட ஜீப்பில் ஏறுவதற்குள் சடை அவிழ்ந்துவிடும்.

"அம்மா, நான் அத்தைகிட்டயே பின்னிக்கிடுதேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை அவளிடமா காட்ட முடியும்? பட்டறைக் கூட்டத்தில் காட்டினேன்.

பட்டறை எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவதற்காகக் கட்டிய பழைய கிரச், குழந்தைகள் குறைந்து பூட்டிக் கிடந்தது. வார்டு மெம்பர் பேசி அதை எங்களுக்கு வாங்கித் தந்தார். தையல் மெஷின், டிரில், வெல்டிங் செட் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் தன் வேலையைச் செய்துகொள்ளலாம், போகும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அடுத்து என்ன வாங்கலாம் என்றபோது ஆண்கள் மரம் அறுக்கும் மெஷின் என்றார்கள். நான் எழுந்து சாணை பிடிக்கும் மெஷின் என்றேன். வீங்கின கையைத் தூக்கிக் காட்டினேன். பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கையைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் ஓட்டு எதற்கு?

வாங்கிவரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இன்னும் இரண்டு கொழுந்துக்காரிகளோடு மதுரைக்குப் போய், பழைய மெஷின் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் ஒன்று பிடித்துப்போனது. கல் தனி, மோட்டார் தனி, நடுவில் பெல்ட். கொண்டுபோன கத்தரியைக் கடைக்காரர் கல்லில் வைத்ததும் பொறி பறந்தது. அப்போதே மயங்கிவிட்டேன், வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் லயத்தில் புதிதாக எது வந்தாலும், டிவியோ ஜீப்போ, ஃபாதர் மந்திரிக்காமல் சுவிட்சில் கை வைக்க மாட்டோம். அதனால் மெஷின் வந்த பிறகும் யாரும் ஒயரை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வந்தார். ஜெபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். கேக் வெட்டினோம். பிறகுதான் எங்கள் எலக்ட்ரீசியன் ஒயரைக் கையில் எடுத்தார்.

"இது த்ரீ பேஸ் மோட்டாருல்லா! ஃபேக்டரியிலதான் ஓடும். இங்க சிங்கிள் பேஸ்தான இருக்கு."

தோட்டத்தில் இருப்பதுபோலக் கரண்டிலும் பெரிய தொரை, சின்ன தொரை உண்டென்று யார் கண்டார்? மரம் அறுக்கும் மெஷின் கேட்டவர்கள், கேக் நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஃபாதர் என்னைப் பார்த்து, "நான் மந்திரிச்சது மெஷினத்தான்மா, கரண்ட இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எலக்ட்ரீசியன் மனம் இரங்கினார். "மோட்டார மட்டும் மாத்தினாப் போதும். சிங்கிள் பேஸ்ல ஒண்ணு கொண்டாங்க, ஓட்டிக் காட்டுதேன்."

அப்படி ஒரு மோட்டார் எங்கள் லயத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மதினியின் பெரிய கிரைண்டரில் இருந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா அவர், மாவு அரைத்து விற்கிறார். மகளுக்குச் சடை பின்னிவிடும் அத்தையும் அவர்தான். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிய? மோட்டார இங்க குடுத்துட்டு நான் கையால ஆட்டவா? ரெண்டுக்கும் ஒண்ணுன்னு வச்சா, மாவுல இரும்புத்தூளு விழும். யாரு திம்பா?"

நியாயமான கேள்விதான். சுவரைப் பார்த்தேன். கிரச் நடந்த காலத்தில் அடுக்களையிலிருந்து குழந்தைகளுக்குப் பால் டம்ளர் நீட்டும் ஜன்னல் ஒன்று அந்தச் சுவரில் இருந்தது. மோட்டாரை அந்த ஜன்னலில் வைத்தால் என்ன? கிரைண்டரை அடுக்களையில் வைத்து, காலையில் அந்தப் பக்கம் பெல்ட் மாட்டினால் மாவு, சாயங்காலம் இந்தப் பக்கம் மாட்டினால் சாணை. நடுவில் தகரம் வைத்து அடைத்துவிட்டால் தூள் எப்படிப் போகும்? படபடவென்று சொல்லி முடித்தேன். எலக்ட்ரீசியன் ஜன்னலை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மதினி அடுக்களைக்குள் போனார். அவர் வீட்டில் கிரைண்டர் பாதி அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டுக்காரர் அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் தூங்குவார். உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த அடுக்களை எனக்கா?"

"உங்களுக்குத்தான் மதினி."

"இத முதல்லயே சொல்லப்பிடாதா? என் மோட்டாருக்கும் ரெண்டு சொட்டுத் தீர்த்தம் விழுந்திருக்கும்லா!"

ஃபாதர் சிரித்துக்கொண்டே தீர்த்தச் செம்பை மறுபடி எடுத்தார்.

அந்த வாரமே ஜன்னலில் மோட்டார் ஏறியது. முதல் சாணை என் கத்தரிக்குத்தான் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். மறுநாள் மலையில் அது இலைக்குள் போன சுகத்தை என்னவென்று சொல்ல! அப்படியே சிரித்துவிட்டேன். பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவள், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஒருநாள் காலை மதினி மாவு வேலையாகப் பட்டறையில் இருந்ததால், மகள் வேறு வழியில்லாமல் சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னத் தொடங்கினேன்.

"ஆ! மெதுவாம்மா, மண்டை வலிக்கி! அத்தைகூட இப்படி இழுக்க மாட்டா."

எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னும் ஒரு இழுப்பு இழுத்து ரிப்பனைக் கட்டினேன்.